தாவினால்தான் தவளை: ஒரே தாளில் உங்கள் முதல் ஓரிகாமி

தாளை மடித்து உருவங்கள் செய்யும் கலையான ஓரிகாமியைப் பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கொக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். பாதி வழியில் கழுத்து எது, வால் எது என்று குழம்பி, கசங்கிய தாளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, 'நமக்கு இது கைவராது' என்று எழுந்துவிடுகிறார்கள். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் தவளையில்தான் ஆரம்பிப்பேன். கொக்கு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கொக்குதான், அலமாரியில் வைத்துவிடலாம். தவளை அப்படி விடாது. மடிப்பு பிசகியிருந்தால் தாவாது. தாவினாலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். எங்கே தப்பு நடந்தது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சொல்லித்தர ஆள் இல்லாமல் தனியாகப் பழகுகிறவருக்கு இது பெரிய உதவி.

மொத்தம் பத்துப் பன்னிரண்டு மடிப்புகள். பசை வேண்டாம். முதல் தவளைக்கு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எந்தத் தாள்?

ஓரிகாமிக்கென்றே விற்கும் வண்ணத்தாள் 15 செ.மீ. சதுரமாக வரும். ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. அது கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஜெராக்ஸ் எடுக்கிற சாதாரண ஏ4 தாளே போதும். 80 ஜிஎஸ்எம் (அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் 15 செ.மீ. சதுரம் வெட்டினால் அதன் எடை 1.8 கிராம்தான். தாவுகிற பிராணிக்கு ஏற்ற எடை.

ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். அதைச் சதுரமாக்க, மேலே உள்ள குட்டையான ஓரத்தைச் சாய்வாக இறக்கி, பக்கத்து நீள ஓரத்தின் மேல் சரியாகப் படிய வையுங்கள். ஒரு முக்கோணம் வரும். அதற்குக் கீழே 8.7 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையை முக்கோணத்தின் ஓரத்தை ஒட்டி முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை மடித்து நகத்தால் தேய்த்துவிட்டுக் கிழித்தால் சுத்தமாகப் பிரிந்துவிடும். கத்தரி இருந்தால் கத்தரி.

வெட்டிய பிறகு ஒரு சோதனை: சதுரத்தை மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். பிறகு விரித்து, மற்ற இரு மூலைகளையும் அதேபோல் சேர்த்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். சோம்பல்பட்டு இந்தச் சோதனையை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கத் தவளை செய்தேன். எல்லாமே இடப்பக்கமாகச் சாய்ந்தன. கடைசியில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் சதுரத்தின் ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் கூடுதல்! மடிக்க மடிக்க அடுக்குகள் கூடும். ஆரம்பத்தில் உள்ள சின்னப் பிசகும் ஒவ்வொரு அடுக்கிலும் தலைகாட்டும்.

பளபளப்பான பரிசுத்தாளைத் தவிர்த்துவிடுங்கள். பார்க்க அழகுதான், ஆனால் மடித்த இடத்தில் நிறம் உரிந்து வெள்ளைக் கோடு தெரியும். செய்தித்தாள் தொளதொளவென்று இருக்கும், மடிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளாது.

மலையும் பள்ளமும்

ஓரிகாமியில் அடிப்படை மடிப்புகள் இரண்டே இரண்டு. தாளின் ஓர் ஓரத்தைத் தூக்கி உங்களை நோக்கி மடித்தால், விரிக்கும்போது நடுவே வாய்க்கால் மாதிரி குழி விழும். அது பள்ள மடிப்பு. பின்பக்கமாக மடித்தால் கூரை முகடு மாதிரி எழும்பி நிற்கும். அது மலை மடிப்பு. தாளைத் திருப்பிப் போட்டால் மலை பள்ளமாகும், பள்ளம் மலையாகும். அதனால் மலை மடிப்பு போட வேண்டிய இடத்தில் தாளைத் திருப்பிப் போட்டுப் பள்ளமாகவே மடித்துவிட்டு மறுபடி திருப்பிக்கொள்ளலாம். கைக்கு இதுதான் சுலபம்.

படம் போட்ட செய்முறைகளில் பள்ளத்துக்கு விட்டுவிட்டு வரும் சிறு கோடுகளையும், மலைக்குக் கோடும் புள்ளியும் மாறிமாறி வரும் கோட்டையும் போட்டிருப்பார்கள். ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) 1950களில் வகுத்த குறிகளிலிருந்து வந்த வழக்கம் இது. இந்த இரண்டு கோடுகளையும் அம்புக்குறியையும் தெரிந்துகொண்டால், எந்த மொழியில் வந்த ஓரிகாமிப் படத்தையும் எழுத்தைப் படிக்காமலே பின்தொடரலாம்.

மடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கெட்டியான மேசையில் வைத்து மடியுங்கள். மடியிலோ படுக்கையிலோ வேண்டாம். முதலில் ஓரங்களைச் சேர்த்துப் பொருத்துங்கள், ஒரு கையால் அசையாமல் பிடியுங்கள், அதன் பிறகுதான் மடிப்பை அழுத்த வேண்டும். அழுத்தும்போது நடுவில் ஆரம்பித்து இரு பக்கமும் வெளிநோக்கி நீவுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பாக இழுத்தால் தாள் நகர்ந்துவிடும். மடிப்பு உட்கார்ந்ததும் நகத்தின் முதுகால் ஒரு தடவை தேய்த்தால் போதும்.

ஆரம்ப மடிப்புகள்

நிறப்பக்கம் கீழே இருக்கும்படி சதுரத்தை மேசையில் வையுங்கள். அதை நடுவில் இரண்டாக மடித்தால் நிறம் வெளியே தெரியும் நீள்சதுரம் கிடைக்கும். 15 செ.மீ. தாள் என்றால் இது 7.5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம். இனிமேல் இந்த இரண்டு அடுக்கையும் ஒரே தாளாகவே பாவியுங்கள், எங்கேயும் பிரிக்க வேண்டியதில்லை. இரட்டை அடுக்குதான் தவளைக்கு முதுகெலும்பு.

நீள்சதுரத்தை நெட்டுக்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள். குட்டையான ஓரம் மேலேயும் கீழேயும் இருக்க வேண்டும். மேல்பக்கம் தலை, கீழ்ப்பக்கம் பின்கால். கீழ் ஓரத்தின் நடுப்புள்ளியை மட்டும் இரண்டு விரலால் லேசாகக் கிள்ளி ஓர் அடையாளம் வைத்துவிடுங்கள். பிறகு உதவும்.

இப்போது மேல் வலது மூலையைச் சாய்வாக இறக்கி, மேல் ஓரம் முழுவதும் இடது நீள ஓரத்தின் மேல் படியும்படி மடியுங்கள். நன்றாக நீவி, விரித்துவிடுங்கள். அடுத்து மேல் இடது மூலையை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் அதேபோல் மடித்து விரியுங்கள். மேல்பாதியில் பெரிய பெருக்கல் குறி விழுந்திருக்கும். இரண்டு கோடும் பள்ளம்.

தாளைத் திருப்பிப் போடுங்கள். பெருக்கல் குறியின் கீழ்க்கால்கள் இரண்டும் தாளின் இடது, வலது ஓரங்களைத் தொடும் இடங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் ஓரத்தை அந்த மட்டத்துக்கு நேராக இறக்கி மடித்து, விரியுங்கள். இந்தப் படுக்கைக் கோடு பெருக்கல் குறியின் நடுப்புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். நகத்தளவு விலகியிருந்தால்கூட மறுபடி மடித்துவிடுங்கள். அடுத்த படியில் அது உங்களைச் சும்மா விடாது. தாளை மறுபடி முன்பக்கம் திருப்புங்கள். இப்போது சாய்வுக்கோடுகள் பள்ளம், படுக்கைக் கோடு மலை.

எல்லாரும் தடுமாறும் இடம்

தாளைக் கீழே வைக்கும் ஆட்கள் பெரும்பாலும் இங்கேதான் வைக்கிறார்கள். இதுவரை ஒவ்வொரு மடிப்பும் தட்டையானது, ஒரு நேரத்தில் ஒன்று. இங்கே மூன்று கோடுகள் ஒரே சமயத்தில் மடங்க வேண்டும். கண்ணால் பார்த்தால் புரியாது, கைக்குத்தான் புரியும்.

பெருக்கல் குறியின் நடுப்புள்ளியை ஒரு விரலால் மேலிருந்து தட்டுங்கள். கோடுகள் சரியாக விழுந்திருந்தால் நடுப்பகுதி 'டப்' என்று உள்ளே குழிந்து, சுற்றியுள்ள பகுதி எழும்பும். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. கேட்கவில்லை என்றால் மலை எது, பள்ளம் எது என்பது எங்கோ மாறியிருக்கிறது. கோடுகளை மறுபடி சரியான திசையில் மடித்து நீவிவிட்டு வாருங்கள்.

அடுத்து, படுக்கைக் கோட்டின் இரண்டு முனைகளையும் இரு கைவிரல்களால் பிடித்து, ஒன்றையொன்று நோக்கி உள்ளே தள்ளுங்கள், கூடவே சற்றுக் கீழ்நோக்கி. தள்ளத் தள்ள மேல் ஓரம் தானாகவே கீழே சாய்ந்து வரும். இரண்டு முனைகளும் தாளின் நடுவில் சந்திக்கும்போது மேல்பகுதி ஒரு கூரை போல, முக்கோணமாக மடங்கி உட்காரும். பலமாக அமுக்கித் திணிக்க வேண்டாம். சரியாகப் போகிறது என்றால் தாள் எதிர்க்காது. எதிர்த்தால் ஏதோ கோடு தப்பான பக்கம் மடங்குகிறது என்று அர்த்தம். விரித்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

முக்கோணம் வந்ததும் மேலே தட்டையாக அழுத்துங்கள். சரிபார்க்க மூன்று விஷயங்கள்: உச்சி கூர்மையாக இருக்க வேண்டும், முக்கோணத்தின் அடி ஓரம் தாளின் ஓரங்களுக்குச் செங்குத்தாக, நேராக இருக்க வேண்டும், அடி ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால், உள்ளே போன இரண்டு முனைகளும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு அடுக்குத் தாள் என்பதால் முக்கோணம் கொஞ்சம் தடிமனாகத் தெரியும். பரவாயில்லை.

இந்த ஒரு மடிப்பு பிடிபட்டுவிட்டால் ஓரிகாமியில் ஒரு வாசல் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை ஊதி உப்பவைக்கும் பந்து முதற்கொண்டு எத்தனையோ உருவங்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. வேறு தாளில் இதை மட்டும் நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு மேலே போனாலும் தப்பில்லை. நானானால் அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

கால், உடம்பு, ஸ்ப்ரிங்

மிச்சம் எல்லாம் மறுபடி தட்டை மடிப்புகள்தான்.

முக்கோணத்தின் மேல் அடுக்கில் இடப்பக்கம் ஒரு காது, வலப்பக்கம் ஒரு காது தனியாக எழும்பும். இடது காதின் முனையை மேலே தூக்கி, முக்கோணத்தின் உச்சியைத் தொடும்படி மடியுங்கள். வலதையும் அப்படியே. முக்கோணத்தின் நடுவே வைரம் போல, நுனியில் நிற்கும் ஒரு சின்னச் சதுரம் கிடைக்கும். இவைதான் முன்கால்கள். பின்னால் இருக்கும் அடுக்கையும் சேர்த்துத் தூக்கிவிடாதீர்கள். மேல் அடுக்கு மட்டும்.

இப்போது தாளின் இடது நீள ஓரத்தை, மேலிருந்து கீழ்வரை, நடுவை நோக்கி மடியுங்கள். கீழே நீங்கள் கிள்ளி வைத்த அடையாளம் ஒரு எல்லை. மேலே வைரத்தின் கீழ்முனை இன்னொரு எல்லை. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நேராக ஓரம் நிற்க வேண்டும். வலப்பக்கமும் இதே மாதிரி. இரண்டு ஓரங்களும் நடுவில், சாத்திய இரட்டைக் கதவு மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த மடிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கதவுகளின் மேல்பக்கச் சாய்வு ஓரம், வைரத்தின் கீழ்ப்பக்க ஓரத்தோடு நூல் பிடித்தாற்போல் ஒட்டி நிற்கும். ஒன்றன் மேல் ஒன்று ஏறாது, இடைவெளியும் விழாது. யாரும் அளந்து வைக்கவில்லை, சதுரத்தின் கணக்கு அப்படி. உங்கள் தவளையில் இரண்டும் ஒட்டி நின்றால் இதுவரை எல்லாம் சரி. ஏறினாலோ விலகினாலோ, தப்பு கதவில் இருக்காது, பெருக்கல் குறியில் இருக்கும்.

அப்புறம் ஸ்ப்ரிங். கீழ் ஓரத்தைத் தூக்கி, வைரத்தின் நடுமட்டம் வரை கொண்டுவந்து மடியுங்கள். பிறகு அதே ஓரத்தைத் திரும்பக் கீழே இறக்கி, இப்போது போட்ட மடிப்பின் ஓரத்தோடு சேரும்படி மடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் 'இஸட்' எழுத்து போலத் தெரியும். 15 செ.மீ. தாளில் இந்த இரண்டாவது மடிப்பு, வைரத்தின் கீழ்முனைக்கு அரை செ.மீ. கீழே வந்து விழும்.

இந்த இடத்தில் மட்டும் நகத்தை உபயோகிக்காதீர்கள். எண்ணிப் பார்த்தால் இங்கே 12 அடுக்குத் தாள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. அதைக் கத்திமுனை மாதிரி தேய்த்துவிட்டால் காகித நார்கள் உடைந்து, மடிப்பு செத்துப்போகும். விரல் சதையால் அழுத்தினால் போதும். மடிப்பின் முதுகு கொஞ்சம் உருண்டையாகவே இருக்கட்டும். மற்ற மடிப்புகள் எல்லாம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நல்லது, இந்த இரண்டு மட்டும் விதிவிலக்கு.

திருப்பிப் போடுங்கள். கூர்மையான மூக்கும் வழவழப்பான முதுகும் கொண்ட தவளை, நீளம் ஏறக்குறைய ஆறரை செ.மீ. அடியில் உள்ள முன்கால்களைச் சற்றே விரித்துவிடுங்கள், மூக்கு மேசையிலிருந்து எழும்பி நிற்கும். இஸட் மடிப்பையும் லேசாகத் தளர்த்திவிடுங்கள். தனியாகப் பின்கால் கிடையாது. அந்த இஸட்தான் பின்கால்.

தாவவைப்பது

முதுகின் பின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். அழுத்திக்கொண்டே விரலைப் பின்பக்கமாக இழுத்து, ஓரத்திலிருந்து சட்டென்று நழுவவிடுங்கள். அழுத்தும்போது வளைந்த தாள், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த வேகத்தில் மேசையைப் பின்னால் உதைக்கிறது. நிஜத் தவளை காலை நீட்டுவதும் கிட்டத்தட்ட இந்தக் கதைதான்.

முதல் தடவையே எகிறிக் குதிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விரலுக்கும் பழக்கம் வேண்டும். தவளை அசையாமல் தட்டையாகக் கிடந்தால், இஸட் மடிப்பு இறுகிப்போயிருக்கிறது. விரலால் கொஞ்சம் பிரித்துவிடுங்கள். குதிக்காமல் மேசையில் வழுக்கிக்கொண்டே போனால், முன்கால்கள் படிந்துபோய் மூக்கு தரையில் முட்டுகிறது, அவற்றை இறக்கிவிடுங்கள். ஒரு பக்கமாகவே போனால் கதவுகள் இரண்டும் ஒரே அகலம்தானா, இஸட் மடிப்பு உடம்புக்கு நேர்க்குறுக்காக இருக்கிறதா என்று பாருங்கள். குட்டிக்கரணம் போட்டால் விரலை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து அழுத்துங்கள். சரி, குட்டிக்கரணம் போடும் தவளைதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்றால் திருத்தாமல் விட்டுவிடலாம்.

நன்றாகத் தாவிக்கொண்டிருந்த தவளை மறுநாள் சோர்ந்து கிடந்தால் அது உங்கள் தப்பில்லை. தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மழை நாளில் சீக்கிரமே தளர்ந்துவிடும். இஸட்டை ஒரு தடவை எதிர்ப்பக்கமாக வளைத்துவிட்டு மறுபடி மடித்தால் கொஞ்ச நேரம் உயிர் வரும். அதற்கும் மசியவில்லை என்றால் புதுத் தாள்தான்.

கை பழகியதும் இரண்டு மாற்றங்களைச் செய்து பாருங்கள். ஒன்று, முன்கால் முனைகளை உச்சிக்கே கொண்டுபோகாமல், சுண்டுவிரல் நக அகலம் வெளிப்பக்கமாகச் சாய்த்து மடியுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கால்கள் இரண்டு பக்கமும் எட்டிப்பார்க்கும். இரண்டு, சதுரத்தை இரண்டாக மடிப்பதற்குப் பதிலாக, தடித்த தாளில் அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள ஒற்றைத் துண்டை வெட்டி அதே படிகளைச் செய்யுங்கள். அடுக்குகள் பாதியாகக் குறைவதால் மடிப்பது எளிது. நீளம் துல்லியமாக இரண்டு மடங்காக இல்லாவிட்டாலும் தவளை வரும், உடம்புதான் கொஞ்சம் கூடும் அல்லது குறையும்.

அப்புறம், கொக்கு. ஒரு சதுரத் தாளில் தவளைக்குப் போட்ட அதே மூன்று கோடுகளைப் போட்டு முக்கோணமாக ஒடுக்குங்கள். நடுவில் நெட்டுக்குத்தாகவும் ஒரு மடிப்பு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு முழுவதும் விரித்து, தாளைத் திருப்பிப் போட்டு, நான்கு மூலைகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுவாருங்கள். கோடுகள் அவைதான், மலையும் பள்ளமும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. இந்தத் தடவை முக்கோணத்துக்குப் பதில் ஒரு சின்னச் சதுரம் வரும். கொக்கு செய்யக் கற்றுக்கொடுக்கும் படங்கள் எல்லாம் அந்தச் சதுரத்திலிருந்துதான் ஆரம்பிக்கும்.